சுவடிக் கட்டுக்குள் சீட்டுக்கட்டு

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டு மக்களுக்கு ஒரு பெரிய பாதுகாப்பு கிடைத்தது. நள்ளிரவு 12 மணி முதல் விடியற்காலை 5 மணி வரை காசு வைத்து ஆடும் ரம்மி, போக்கர் எதையும் எந்தக் கம்பெனியும் நடத்தக் கூடாது என்று தமிழ்நாடு இணையவழி விளையாட்டு ஆணையம் விதி போட்டது. ஆக, அந்த ஐந்து மணி நேரம் அது சூது. மீதிப் பத்தொன்பது மணி நேரம் அது திறமை. கோயில் நடை திறப்பதற்கு முன்னால், பால்காரர் வருவதற்கு முன்னால், மணி ஐந்தைத் தாண்டியதும் தமிழன் திறமைசாலி ஆகிவிடுவான்.

அந்த ஐந்து மணி நேரத்தைக்கூடக் கம்பெனிகள் விட்டுக்கொடுக்கவில்லை. தொழில் செய்யும் உரிமை போகிறது, ஆதார் கேட்பது அந்தரங்கத்தைக் குலைக்கிறது என்று உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். ஊரான் வீட்டு வங்கிக் கணக்கைத் துடைக்கும்போது வராத அந்தரங்கக் கவலை, ஆதார் எண்ணைக் கேட்டதும் வந்துவிட்டது. ஜூன் 3ஆம் தேதி, விதி செல்லும் என்று தீர்ப்பானது. நல்லது. ஒரு மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஆடினால் அரை மணிக்கு ஒரு தடவை திரையில் எச்சரிக்கை வர வேண்டும் என்பதும் அந்த விதிகளில் உண்டு. பிக்பாக்கெட் அடிப்பவன் அரை மணிக்கு ஒருமுறை நம் தோளைத் தட்டி, "அண்ணே, பர்ஸைப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடர்வதற்கு இதைவிட நாகரிகமான ஏற்பாடு இருக்க முடியாது.

டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது, இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்த நாட்களில், கடை மூடியதும் செல்போனைத் திறந்தால் 12 மணி வரை ரம்மி. 12 முதல் 5 வரை ஓய்வு. பீரோ சாவி எங்கே என்று மனைவியிடம் கேட்பதற்கான நேரம். குடிமகனின் ஒரு நாளை இவ்வளவு அக்கறையாகப் பிரித்து, அட்டவணை போட்டுக் கொடுத்த அரசு வேறு எங்கே இருக்கிறது? 2023-24ஆம் ஆண்டில் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அந்தக் கையாலேயே சூதை ஒழிக்கும் சட்டத்திலும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. கை நடுங்காதா? குடித்தவன் கைதான் நடுங்கும், விற்றவன் கை நடுங்காது.

எங்கள் திருக்கோவிலூருக்கு வேடம் புதிதில்லை. இந்த ஊரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனாரை முத்தநாதன் போரில் பலமுறை மோதியும் வெல்ல முடியவில்லை. கடைசியில் உடம்பெல்லாம் நீறு பூசி, சடை முடித்து, சுவடிக் கட்டுக்குள் கத்தியை மறைத்துக்கொண்டு வந்தான். வாசல்களில் யாரும் தடுக்கவில்லை. பூசியிருந்தது திருநீறு அல்லவா? கடைசி வாசலில் தத்தன் என்ற காவலாளி மட்டும், அரசர் தூங்குகிறார், இது நேரமில்லை என்று சொல்லிப் பார்த்தான். யாருக்கும் கிடைக்காத ஆகமம் கொண்டுவந்திருக்கிறேன் என்று உள்ளே போனவன், அரசரைக் கீழே உட்கார வைத்துவிட்டுக் கட்டைப் பிரித்தான். பெரிய புராணம் படித்தவர்களுக்கு மிச்சம் தெரியும். குத்துப்பட்டுச் சாய்ந்த அரசர், வாளோடு பாய்ந்த தத்தனைத் தடுத்து, முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வா என்றாரே, அந்த இடத்தில் எங்கள் ஊர் ஆட்கள் இன்றைக்கும் கண் கலங்குவார்கள்.

நாயனார் செய்தது பக்தி. சிவ வேடத்துக்கு முன் தன் உயிரைப் பெரிதாக நினைக்காதவர் அவர். அதே காரியத்தை ஒரு அரசும் நீதிமன்றமும் நாடாளுமன்றமும் சேர்ந்து செய்தால் அதற்கு என்ன பெயர் வைப்பது? நம் காலத்து முத்தநாதன் பூசிக்கொண்டு வந்த நீற்றுக்குப் பெயர் "திறமை". திறன் விளையாட்டு என்ற மூன்று விரல் பட்டையை நெற்றியில் இழுத்துக்கொண்டு வந்ததும், எல்லா வாசலும் திறந்தது. கட்டைப் பிரித்தபோது உள்ளே பதின்மூன்று சீட்டு இருந்தது.

அந்த நீறு எங்கே கிடைத்தது என்பது சுவாரசியமான கதை. 1963இல் செகந்திராபாத்தில் ஒரு மனமகிழ் மன்றத்தில் போலீஸ் புகுந்து, ரம்மி ஆடிக்கொண்டிருந்தவர்களைப் பிடித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1967இல் தீர்ப்பானது. மூன்று சீட்டு போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் இல்லை. எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்க வேண்டும், எதைப் பிடித்து எதைக் கழிப்பது என்று யோசிக்க வேண்டும். எனவே பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது நீதிமன்றம். ரம்மிக் கம்பெனிகளின் வக்கீல்கள் இந்த வரியைத்தான் காயத்ரி மந்திரம்போல் சொல்லி வருகிறார்கள். அதே தீர்ப்பில், வீட்டுக்காரரோ மன்றத்துக்காரரோ அந்த ஆட்டத்தில் லாபம் பார்ப்பதாகத் தெரிந்தால் குற்றம் என்று பிடிக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள். மந்திரத்தின் பின்பாதியை மட்டும் வாய்க்குள் முழுங்கிவிடுகிறார்கள். நாலு கிழவர்கள் உறுப்பினர் சந்தா கட்டி, மின்விசிறிக்கு அடியில் ஆடிய ஆட்டத்துக்குக் கிடைத்த விடுதலைப் பத்திரத்தைக் காட்டித்தான், பல்லாயிரம் கோடி ரூபாய் கம்பெனிகள் நம் சட்டைப் பைக்குள் கையை விட்டன.

அதே மூன்று சீட்டை இங்கே தென்பெண்ணை மணலில், கருவேல மர நிழலில் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். மாவட்டச் செய்திப் பக்கத்தில் அடிக்கடி ஒரு படம் வரும், பார்த்திருப்பீர்கள். ஆறு பேர் வரிசையாக நிற்பார்கள். ஒருவர் கைலியை இறக்கி விட்டிருப்பார், ஒருவர் துண்டால் முகத்தை மூடியிருப்பார். முன்னால் ஒரு மேசை. மேசைமேல் எண்ணெய்ப் பிசுக்கேறிய சீட்டுக்கட்டு ஒன்று, விசிறி போல் விரித்து வைக்கப்பட்ட பத்து ரூபாய், ஐம்பது ரூபாய் நோட்டுகள், இரண்டு பட்டன் போன். பின்னால் காக்கிச் சட்டைகள், புலியைச் சுட்ட ஜமீன்தார் போல. தலைப்பு எப்போதும் ஒன்றுதான்: பணம் வைத்துச் சூதாடிய ஆறு பேர் கைது. சட்டம் 1930ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்தது. அந்த ஆறு பேர் செய்த தப்பு சூதாடியது இல்லை. மேசை சொந்தமாக இல்லாதது, வக்கீல் இல்லாதது, முக்கியமாக அவர்களுக்காக விளம்பரத்தில் நடிக்க ஒரு நடிகர் இல்லாதது.

நடிகர்கள் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் போக்கர்.

போக்கர் நம் மண்ணின் ஆட்டம் இல்லை. ஆனால் நம் ஊர்ப் பையன்களின் முகத்தில் அது குடியேறி வெகுநாளாகிறது. கறுப்புக் கண்ணாடி, தலையை மூடிய சட்டை, எந்த உணர்ச்சியும் காட்டாத மூஞ்சி, எதிரே சில்லுக் குவியல். குட்டி வீடியோக்களில் பின்னணி இசையோடு நடந்துவரும் இந்த உருவத்தைச் செய்து அனுப்பியது அமெரிக்கா. 2003இல் லாஸ் வேகாஸில் நடந்த உலகப் போக்கர் போட்டியை, டென்னசி மாநிலத்துக் கணக்காளர் ஒருவர் வென்றார். பெயர் கிறிஸ் மணிமேக்கர். நான் வைத்த பெயரில்லை, அவர் குடும்பப் பெயரே அதுதான். இணையத்தில் நூறு டாலருக்கும் குறைவாகக் கட்டி நுழைந்து, 25 லட்சம் டாலரோடு வெளியே வந்தார். அந்த ஆண்டு அந்தப் போட்டியில் கலந்துகொண்டவர்கள் 839 பேர். 2006இல் 8,773 பேர். நடுவில் நடந்தது என்ன? ஒரு மனிதர் ஜெயித்ததைத் தொலைக்காட்சி நாள் முழுக்க ஓட்டியது, அவ்வளவுதான். அதே 2006இல் ஜேம்ஸ் பாண்டும் ஆட்டத்தை மாற்றிக்கொண்டார். 1953இல் வந்த கசினோ ராயல் நாவலில் அவர் ஆடுவது பக்கரா. படத்தில் டெக்சஸ் போக்கர். உலகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் போக்கர் தெரிந்திருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

2011 ஏப்ரல் 15ஆம் தேதி அமெரிக்க அரசே மூன்று பெரிய இணையப் போக்கர் கம்பெனிகளை இழுத்து மூடியது. அதில் ஒன்றை உலகளாவிய பொன்சி மோசடி என்று அரசு வழக்கறிஞர் அலுவலகம் வர்ணித்தது. அங்கே வாசல் அடைபட்டது. நம்மிடம் மலிவு விலையில் டேட்டாவும், வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கும் பட்டதாரிகளும் ஏராளம். அடுத்த சில ஆண்டுகளில் போக்கரும் ரம்மியும் கைகோர்த்துக்கொண்டு இங்கே இறங்கின.

தமிழ் சினிமா அதற்குள் பாய் விரித்து வைத்திருந்தது. பழைய படங்களில் சீட்டாடுகிறவன் ஒன்று வில்லன், அல்லது இடைவேளைக்குப் பிறகு திருந்தப்போகிற கணவன். கிளப் பாட்டு ஒன்று, அடகுக் கடைக் காட்சி ஒன்று, தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சாமி படத்துக்கு முன் நிற்கும் மனைவி ஒருத்தி. மிகையான காட்சிதான். ஆனால் பார்த்தவனுக்குச் சீட்டு என்றதும் அடகுக் கடைதான் ஞாபகம் வரும். 2011 ஆகஸ்ட் 31ஆம் தேதி மங்காத்தா வந்தது. அஜித்துக்கு ஐம்பதாவது படம். கிரிக்கெட் சூதாட்டப் பணம் ஐந்நூறு கோடியைச் சுற்றிக் கதை, கதாநாயகனே கெட்டவன், அதற்குத்தான் விசில். படத்தைக் குறை சொல்லவில்லை, நானும் விசிலடித்தவர்களுக்கு நடுவில்தான் உட்கார்ந்திருந்தேன். பெண்ணை மணலில் போலீசுக்குப் பயந்து ஆடிய உள்ளே-வெளியே ஆட்டத்தின் பெயர், ஊருக்கு ஊர் நாற்பதடி கட்-அவுட்டில் ஏறியது. அந்தப் பெயரில் பால் அபிஷேகம் நடந்தது.

சினிமா கதை என்று விட்டுவிடலாம். விளம்பரம் கதை இல்லையே. ஐபிஎல் ஓடும் நேரத்தில் எங்கள் பேருந்து நிலையத்துப் பக்கம் ஏதாவது டீக்கடையில் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். ஓவருக்கு ஓவர் ஒரு தெரிந்த முகம் வந்து, வா, ஆடு, ஜெயி என்று கூப்பிடும். பிறகு ஒரு குரல் மூச்சு விடாமல் ஏதோ சொல்லும். 2020 டிசம்பர் 15 முதல் விளம்பரத் தர மன்றம் கட்டாயமாக்கிய எச்சரிக்கைதான் அது: இதில் பண நஷ்டம் வரலாம், பழக்கம் ஆகிவிடலாம், பொறுப்போடு விளையாடுங்கள். ஜெயிக்கலாம் என்பதை இருபத்தைந்து நொடி நிறுத்தி நிதானமாகச் சொன்னவர்கள், நாசமாய்ப் போகலாம் என்பதை ஐந்தே நொடியில் சொல்லி முடித்துவிடுவார்கள். டீ ஆற்றும் சத்தத்தில் அதுவும் காதில் விழாது.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதியம்மன் கோயில் பாரதத் திருவிழா நடக்கும்போது, சூது-துகில் கூத்து நடக்கும் இரவைப் பார்த்திருக்கிறீர்களா? விடிய விடிய நடக்கும். தூங்கிப்போன பிள்ளைகளை மடியில் கிடத்திக்கொண்டு பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். கட்டியங்காரன் சகுனியைக் கிண்டல் செய்வான், தர்மரை அதைவிடக் கிண்டல் செய்வான். நாடு போகும், தம்பிகள் போவார்கள், தர்மர் தன்னையே வைத்துத் தோற்பார், பிறகு அவளை வைப்பார். தன்னைத் தோற்றவனுக்கு என்னை வைக்க என்ன உரிமை என்று பாஞ்சாலி வேடம் கட்டியவர் கேட்கும்போது, பீஷ்மர் வேடத்துக்குப் பாட்டு இருக்காது. அதற்கப்புறம்தான் நான் சொல்லவந்த விஷயம். சேலையில் கை வைப்பதற்கு முன்னால் துச்சாதனன் வேடக்காரர் ஆட்டத்தை நிறுத்துவார். கற்பூரம் ஏற்றச் சொல்வார். தாயே, இது வேசம், வயித்துப் பொழப்பு, என்னை மன்னிச்சிடு என்று விழுந்து கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார்.

ஒரு ராத்திரிக் கூலிக்கு வேடம் கட்டுகிற மனிதர் அவர். ஊர் நடுவில் ஒரு பெண்ணின் சேலையை இழுப்பதாக நடிப்பதற்கே அவருக்குக் கூசுகிறது. கோடிகளில் சம்பளம் பேசிக்கொண்டு, ஊரில் இருக்கிற அத்தனை தர்மர்களையும் வா வா என்று சூது மண்டபத்துக்குக் கூப்பிட்ட நட்சத்திரங்களுக்கு ஒரு வில்லைக் கற்பூரம் வாங்கக் காசில்லையா? 2020 நவம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கிரிக்கெட் வீரர்களுக்கும் நடிகர்களுக்கும் நோட்டீஸ் அனுப்பியது. விளம்பரம் நின்றதா? அடுத்த சீசனில் இன்னும் பளபளப்பாக வந்தது.

சகுனி திறமைசாலி. அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அவனுடைய திறமைதான் அந்தக் கதையில் வந்த நாசத்துக்கே காரணம். திறமை இருந்தால் சூது இல்லை என்று சட்டம் சொல்லியிருந்தால், அஸ்தினாபுரத்து வழக்கு முதல் வாய்தாவிலேயே தள்ளுபடி ஆகியிருக்கும். பதினெட்டு நாள் யுத்தம் மிச்சம்.

கம்பெனிகளுக்கு இரண்டு வாய். நீதிமன்றத்தில் ஒரு வாய் பேசும்: எஜமானே, இது முழுக்கத் திறமை, கற்றுத் தேர்ந்தவன்தான் ஜெயிப்பான். விளம்பரத்தில் இன்னொரு வாய்: யார் வேண்டுமானாலும் வரலாம், இப்போதே வரலாம், சேர்ந்தவுடன் போனஸ். முதல் வாய் சொல்வது உண்மையானால் இரண்டாவது வாய் செய்வது மோசடி. கற்றுத் தேர்ந்தவன்தான் ஜெயிப்பான் என்றால், நேற்று ராத்திரி செயலியை இறக்கிய கரும்பு விவசாயி நிச்சயம் தோற்பான் என்று அர்த்தம். அதிர்ஷ்டத்திலாவது ஏழைக்கு ஒரு நாள் அடிக்கும். திறமையில் அடிக்கவே அடிக்காது. போக்கர்க்காரர்கள் இதை ஒளிக்கக்கூட மாட்டார்கள். தோற்க வருகிறவனுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் மீன், தின்ன வருகிறவனுக்குப் பெயர் சுறா. தொட்டி கம்பெனியுடையது. மீன் பிடித்துப் போடுவதற்குத்தான் விளம்பரச் செலவு.

கம்பெனி ஆடுவதில்லை, அதனால் அதற்குத் தோல்வியே இல்லை. ஆறு பேர் தலைக்கு 1,000 ரூபாயோடு உட்காருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கைக்குத் தலைக்கு 100. மேசையில் 600. கம்பெனி பத்து சதவீதம் எடுத்துக்கொண்டு 540ஐ ஜெயித்தவனிடம் தருகிறது. ஆறு பேரும் ஒரே திறமை, மாறி மாறி ஜெயிக்கிறார்கள் என்றே இருக்கட்டும். நூறு கை முடியும்போது ஆறு பேரிடமும் ஒன்றும் இருக்காது. 6,000 ரூபாயும் கம்பெனியிடம் இருக்கும். திரையில் நூறு கை என்பது ஒரு ராத்திரிக்கும் குறைவான வேலை; சீட்டைக் குலுக்கக்கூட நேரம் ஆகாது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை, எல்லாம் விதிப்படி. எங்கள் ஊர் இடைகழியில் ஆழ்வார்கள் மூவர் நெருக்கி நின்றபோது, நாலாவதாக வந்து நெருக்குவது யார் என்று விளக்கேற்றிப் பார்த்தார்கள். அவர்கள் கண்டது பெருமாளை. ரம்மி மேசையில் நெருக்குவது யார் என்று பார்க்க மட்டும் ஒரு விளக்கும் கிடைக்கவில்லை.

நெருக்கியதில் இன்னொருவரும் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல், இந்த ஆட்டத்துக்குப் போடும் பணத்தின் முழுத் தொகைக்கும் 28 சதவீதம் ஜிஎஸ்டி வாங்கினார்கள். ஜெயித்தால் அதில் 30 சதவீதம் பிடித்தம். தோற்றவனிடமும் வரி, ஜெயித்தவனிடமும் வரி. ஒவ்வொரு மேசையிலும் ஒரு நாற்காலி டெல்லிக்கு ஒதுக்கப்பட்டிருந்தது; சீட்டைத் தொடாமலேயே எல்லாக் கையிலும் ஜெயித்த ஒரே ஆட்டக்காரர் அவர்தான்.

மாநிலத்தின் கதை தனி. 2020 நவம்பரில் அவசரச் சட்டம் போட்டுத் தடை; 2021 ஆகஸ்ட் 3ஆம் தேதி உயர் நீதிமன்றம் ரத்து. 2022இல் நீதிபதி சந்துரு குழு, மறுபடி ஒரு அவசரச் சட்டம், அக்டோபர் 19இல் சட்டமன்றத்தில் மசோதா. ஆளுநர் மாளிகையில் மசோதா தூங்கியது. தத்தனைப் போல யாரும் வாசலில் நின்று, இது தூங்குகிற நேரமில்லை என்று சொல்லவில்லை. நவம்பர் 27ஆம் தேதி அவசரச் சட்டம் காலாவதியானது. ஆட்டம் ஜாம் ஜாம் என்று தொடர்ந்தது. 2023 மார்ச்சில், இந்தச் சட்டம் போட உங்களுக்கு அதிகாரமில்லை என்று மசோதா திரும்பி வந்தது. மார்ச் 23இல் சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல். நடுவில் போன மாதங்களில் கடன் வாங்கி ஆடித் தோற்று, கடன் செயலிக்காரனின் மிரட்டல் தாங்காமல் போய்ச் சேர்ந்தவர்களின் வீடுகளுக்கு, அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அந்தத் தாமதம் என்று விளக்க யாரும் போகவில்லை. 2023 நவம்பர் 9ஆம் தேதி உயர் நீதிமன்றம் ஒரு சமாதானத் தீர்ப்பு சொன்னது: சட்டம் செல்லும், ஆனால் தடைப் பட்டியலில் ரம்மியும் போக்கரும் இருக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் இருந்த பெயர்களே அவை இரண்டுதான்.

இந்த மாவட்டத்துக்குச் சாவைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றது. ஒரே தெருவில் வரிசையாகப் பாடை கட்டினார்கள். அமைச்சர்கள் வந்தார்கள், பத்து லட்சம் வந்தது, கல்வராயன் மலைச் சரிவில் ஊறல் பானைகளை உடைக்கும் காட்சி எல்லாத் தொலைக்காட்சியிலும் வந்தது. சாராயம் காய்ச்சியவனைப் பிடித்தார்கள், பிடிக்கத்தான் வேண்டும். எனக்கு ஒன்றுதான் தோன்றியது. மெத்தனாலைக் குடித்துப் பிழைப்பது திறமை சார்ந்தது என்று வாதாட அவனுக்கு ஒரு மூத்த வக்கீல் கிடைக்கவில்லை. ஒரு ஃபெடரேஷன் வைத்து, எங்கள் தொழிலில் இத்தனை லட்சம் வேலைவாய்ப்பு என்று அறிக்கை விடத் தெரியவில்லை. பாக்கெட்டின் மேல் பொறுப்புடன் அருந்துங்கள் என்று அச்சிடவும் தோன்றவில்லை. திறமையில்லாத கொலைகாரன், மாட்டிக்கொண்டான்.

கம்பெனி வக்கீல்கள் பெரிய புராணம் படிக்காதது அவர்களுடைய துரதிர்ஷ்டம். மெய்ப்பொருளார் கதை இருக்கும் அதே நூலில் ஒரு சூதாடியும் நாயனாராக இருக்கிறார். திருவேற்காட்டுக்காரர், மூர்க்க நாயனார். அடியார்களுக்குச் சோறு போட்டே சொத்தெல்லாம் கரைந்தபின், சூதாடிச் சம்பாதித்துச் சோறு போட்டவர். முதல் ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்று, பிறகு தொடர்ந்து ஜெயிப்பார். தோற்றவன் பணம் தர மறுத்தால் சுரிகையை உருவுவார். ஜெயித்த பணத்தைத் தன் கையால் தொடமாட்டார். சமையல்காரர்களிடம் கொடுத்துவிட்டு, எல்லோரும் சாப்பிட்ட பின் கடைசிப் பந்தியில் உட்காருவார். முதலில் ஜெயிக்கவிட்டுப் பிறகு உருவுவதைக் கம்பெனிகள் அவரிடமிருந்தே கற்றார்களோ என்று நான் சந்தேகப்படுவதுண்டு. கடைசிப் பந்தி விஷயத்தை மட்டும் ஏட்டில் பார்க்காமல் விட்டுவிட்டார்கள்.

2025 ஆகஸ்ட்டில் திடீரென்று எல்லாம் முடிந்தது. 20ஆம் தேதி மக்களவை, 21ஆம் தேதி மாநிலங்களவை, 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் கையெழுத்து. காசு வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாமே தடை. திறமையோ அதிர்ஷ்டமோ, ஒரே தட்டு. நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை. ஆண்டுக்குச் சுமார் 45 கோடிப் பேர் ஏறக்குறைய 20,000 கோடி ரூபாய் இழக்கிறார்கள் என்று அரசே கணக்குச் சொன்னது. 58 ஆண்டுகளாக நீதிமன்றங்கள் நெய்த திறமைப் பட்டு மூன்றே நாளில் கிழிந்தது. இது முடியுமென்றால் ஏன் அதுவரை செய்யவில்லை? இரண்டு ஆண்டுகளாக 28 சதவீதம் வசூலித்தபோது அந்த 45 கோடிப் பேர் எங்கே இருந்தார்கள்? 2023 முதல் இந்திய கிரிக்கெட் அணியின் மார்பில் எழுதியிருந்த காசு ஆட்டக் கம்பெனியின் பெயர், அந்த மாதத்தோடு சட்டையிலிருந்து உதிர்ந்தது. அந்தப் பெயரைப் போட்டுக்கொண்டு அடித்த சதங்கள் மட்டும் கணக்கில் இருக்கின்றன.

ஆனந்தப்படலாம் என்று பார்த்தேன், எங்கள் ஊர்ப் பையன்கள் விடவில்லை. டெலிகிராமில் வரும் இணைப்பைத் தட்டினால் எந்த நாட்டிலோ பதிவான செயலி திறக்கிறது. ஆதாரும் இல்லை, நள்ளிரவுத் தடையும் இல்லை, அரை மணி எச்சரிக்கையும் இல்லை. குத்தியவனைப் பத்திரமாக எல்லை வரை கொண்டுபோய் விட்டாயிற்று. எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து அவன் கடை போட்டிருக்கிறான். உள்ளூரிலேயே இருக்க விரும்புகிறவர்கள் இன்னும் மரியாதையான மேசைக்கு மாறிவிட்டார்கள். பேருந்து நிலையச் சுவரில், நர்சிங் கல்லூரி விளம்பரத்துக்கும் மூல வியாதி வைத்தியர் விளம்பரத்துக்கும் நடுவில் அதன் போஸ்டர் ஒட்டியிருக்கிறது: ஆப்ஷன் டிரேடிங் வகுப்பு, வீட்டிலிருந்தே வருமானம்.

2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில் பங்குச்சந்தையில் இந்த ஆப்ஷன் வகையறா, அதாவது எஃப் அண்ட் ஓ வணிகம் செய்த தனிநபர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இதைச் சொன்னது பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் செபி, 2024 செப்டம்பரில். ஆண்டுக்கு 60,000 கோடி, அதாவது அவசர அவசரமாகத் தடை செய்த ரம்மி வகையறாவைப்போல் மூன்று மடங்கு. இதற்கும் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் வரி உண்டு. இதுவும் திறமைதான், கற்றுத் தேர்ந்தவர் ஜெயிப்பார். அதற்காகத்தானே வகுப்பு. முதல் வகுப்பு இலவசமாம்; போஸ்டரின் அடியில் பொடி எழுத்தில், கட்டிய பணம் திரும்பத் தரப்படமாட்டாது என்று மட்டும் உண்மையைப் போட்டிருக்கிறார்கள்.